விவரம் என்ற கட்டம்

சலான் புத்தகத்தில் ‘விவரம்’ என்று ஒரு கட்டம்.
ஒரு சொல்லுக்கு மேல் அதில் இடமில்லை.
அளவு, எண்ணிக்கை, தேதி எல்லாம் எழுதிவிட்டு
மூன்று நாளாக அதை மட்டும்
காலியாக வைத்திருக்கிறேன்.

சரக்கு இதுதான்:
கறுப்பு வெல்வெட், ஆறு சுளை,
உள்ளே வெள்ளை சாட்டின்.
கவிழ்த்தால் இட்லிக்குழியைவிடக் கொஞ்சம் பெரிது,
நிமிர்த்தினால் குவித்த உள்ளங்கை.
முந்நூறு உருப்படி,
எங்கேயோ யாருக்கோ கல்யாணம்.

தொப்பி என்று எழுதினேன். அடித்தேன்.
தொப்பிக்கு வெயில் தெரியும்.
இதற்கு நெற்றியும் தெரியாது, காதும் தெரியாது,
ஒரு கொண்டை ஊசியை நம்பி
உச்சியில் உட்கார்ந்திருக்கும்.
குல்லா என்று எழுதினேன்.
ஓனர் கேவல்சந்த் எட்டிப் பார்த்து
“யாருக்குப் போடுறே?” என்றார்.
சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடிப்போன வாரம் அது.
பழைய வண்ணாரப்பேட்டை முழுக்க
அந்தச் சொல்லுக்கு
ஒரே அர்த்தம்தான் இருந்தது.

ஏஜென்ட் போனில் சொன்னார்: கிப்பா.
மாடம்போலக் கவிந்தது என்று பொருளாம்.
யார்முல்கா என்று இன்னொரு பேரும் உண்டாம்,
அதற்கு ரெண்டு கதை.
மேலே இருக்கிற ராஜாவுக்குப் பயப்படு என்பது ஒன்று.
துருக்கிக்காரர்களின் மழைக்கோட்டு
ஊர் ஊராக நடந்து தேய்ந்து
இந்தச் சொல்லாச்சு என்பது மற்றது.
“எது சார் நிஜம்?”
“சரக்கு எப்ப வரும்?”

ஓவர்லாக்கை நிறுத்தாமல் தெபோராள் அக்கா:
“எங்க சர்ச்சுல ஆம்பளைங்க
தொப்பிய கழட்டணும், நான் முக்காடு போடணும்.
அங்க ஆம்பளையே மூடிக்கணுமா? நல்லாகீதே.
எம்பேரே அவங்கூட்டுப் பேருதான்,
இத்தினி நாளா ஒருத்தரும் சொல்லல பாரு.”
நூல் அறுந்தது. கோத்தாள்.

வெல்வெட்டின் மயிர் ஒரே பக்கம்தான் படியும்.
ஒரு சுளை திரும்பிவிட்டால்
ஒரு கறுப்பு ரெண்டு கறுப்பாகிவிடும்.
பூனையைத் தடவுகிற மாதிரி
தடவித் தடவித்தான் வெட்டினோம்.

உள்துணியில் பொன்னெழுத்தில் இரண்டு பேர், ஒரு தேதி.
பவளக்காரத் தெருவில் ஜப்பார் பாய் ஸ்கிரீன் போட்டார்.
“அவங்க ஆளுங்க இதே தெருவுல
பவளம் வித்தாங்களாம்” என்றார்,
வாடகை ஏறியதைச் சொல்கிற குரலில்,
மையைக் கலக்கிக்கொண்டே.
நாற்பது அடித்ததும் கை நின்றது.
தன் வெள்ளைக் குல்லாவை நகர்த்தி
உச்சியைச் சொறிந்தார்.
“தம்பி, மூணு வரியும் இடப்பக்கம் நேரா நிக்குது,
வலப்பக்கம் பல்லு பல்லா இருக்கு.
எனக்கு இதப் படிக்கத் தெரியாது.
ஆனா வலதுலேர்ந்து கிளம்புற எழுத்து
வலதுலதான் செவுரு புடிச்சி நிக்கும்.”
ஃபிலிமைப் புரட்டி வைத்தது
நான்தான்.

நாற்பதையும் கழிவுத்துணி மூட்டைக்கு எடுத்தேன்.
மெக்கானிக் ஷெட்டுக்குப் போகும், ஸ்பேனர் துடைக்க.
தெபோராள் அக்கா மூட்டையைக் காலால் இழுத்துக்கொண்டாள்.
“கண்ணாலத்துக்குப் போட்ட பேரு.
திருப்பிப் போட்டா பேரு இல்லன்னு ஆயிடுமா?”
பிளேடு நுனியால் நாற்பது சாட்டினையும் பிரித்தாள்,
மதியச் சோற்றுக்கும் போகாமல்.
வெல்வெட்டுக்குப் புது உள்துணி வந்தது.
அந்த வெள்ளை வட்டங்களை என்ன செய்தாள்
என்று நான் கேட்கவில்லை.

சரக்கு ஏற்றும்போது பிடித்தது மழை.
டெம்போவின் தார்ப்பாயில் ஒரு முழம் கிழிசல்.
மின்ட் முனைவரை
பெட்டிகளின் மேல் கவிந்தே போனேன்,
சலான் புத்தகம் என் தலையில்.
ராஜா ஞாபகம் வரவில்லை.
மழைக்கோட்டு வந்தது.

இறங்கியதும் அந்தக் கட்டத்தில்
நனைந்த பேனாவை அழுத்தி எழுதினேன்:
தலைக்கு.

டிரைவர் கையெழுத்துப் போட்டார்.
ஒருமுறை படித்தார்.
“தலைக்கு எவ்ளோ?” என்றார்.